கேட்காமல் விட்ட கேள்வி



இராச் செபம் முடிந்து பிள்ளைகள் படுத்த பிறகு, அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து ஆத்தும சோதனை செய்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருக்கலாம். அப்போது முதலில் நம் மனதில் வந்து நிற்பவை நாம் செய்த காரியங்களே. கோபத்தில் சொன்ன சொல், வியாபாரத்தில் சொன்ன பொய், அளவில் செய்த குறை, இவையெல்லாம் நினைவில் பதிந்திருக்கும். எதிரே நின்றவருடைய முகமும் மறப்பதில்லை.

செய்யாமல் விட்டவை அப்படியல்ல. சுகவீனமாய்க் கிடந்த பெரியப்பாவைப் போய்ப் பார்க்கவில்லை. பிணக்கில் பிரிந்த தம்பியிடம் முதலில் பேசவில்லை. அநியாயம் நடந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. இவை அன்றிரவு நம்மை உறுத்துவதில்லை. பல வருஷங்கள் சென்று, பெரும்பாலும் ஒரு கல்லறையின் பக்கத்தில் நிற்கும்போதுதான் நம்மை வந்து பிடிக்கின்றன.

செய்துவிட்டோமே என்ற வருத்தம் பெரிதா, செய்யாமற் போனோமே என்ற வருத்தம் பெரிதா என்று பலர் கேட்பதுண்டு. இரண்டையும் தம் வாழ்நாளில் முழுமையாய்ச் சுமந்த ஒரு குருவானவரின் சரித்திரத்தை இன்று உங்களுக்குச் சொல்லுகிறோம். அவர் பெயர் பர்த்தொலோமே தெ லாஸ் காசாஸ். திருச்சபை அவரை அர்ச்சிஷ்டவராக இதுவரை பிரகடனம் செய்யவில்லை. ஆனால் உலக சரித்திரத்தில் அவர் பெயர் அழியாமல் இருக்கிறது.

ஸ்பெயின் தேசத்தில் செவில் பட்டணத்தில் 1484-ம் ஆண்டு, ஒரு வியாபாரியின் மகனாக அவர் பிறந்தார். 1493-ல், கிறிஸ்தோப்பர் கொலம்பஸ் கடல் கடந்து புதிய தீவுகளைக் கண்டு செவிலுக்குத் திரும்பி வந்தார். அவர் கூட்டிவந்த அத்தீவு மனிதர்களையும் பச்சைக் கிளிகளையும் தெருவில் நின்று பார்த்த பிள்ளைகளில் பர்த்தொலோமேயும் ஒருவர். கொலம்பஸ் இந்தியாவையே அடைந்துவிட்டதாக எண்ணியதால், அந்தப் பூர்வ குடிகளை ஸ்பானியர் இந்தியர் என்று அழைத்தார்கள். அவர்களுக்கும் நம் தேசத்துக்கும் சம்பந்தமில்லை.

அதே ஆண்டில் அவர் தந்தை பேத்ரோ, கொலம்பஸின் இரண்டாம் யாத்திரையில் கப்பலேறினார். சில வருஷங்களில் திரும்பி வந்தபோது, மகனுக்கு ஊழியம் செய்ய ஒரு பூர்வ குடி வாலிபனைக் கொண்டுவந்தார். 1500-ம் ஆண்டில் இசபெல்லா அரசி, அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களை விடுதலை செய்து அனுப்பிவிடக் கட்டளையிட்டாள். அந்த வாலிபனும் தன் தேசத்துக்கு அனுப்பப்பட்டான்.

1502-ம் ஆண்டு, சுமார் பதினெட்டு வயதில், பர்த்தொலோமே தாமே தந்தையோடு கப்பலேறி ஹிஸ்பானியோலா தீவுக்குப் போனார். இன்று ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் உள்ள தீவு அது. அங்கே மற்ற ஸ்பானியரைப் போலவே அவரும் வாழ்ந்தார். நிலம் கிடைத்தது, வேலைக்குப் பூர்வ குடிகளும் கிடைத்தார்கள். குருப்பட்டம் பெற்று, 1510-ல் அத்தீவின் லா வேகா பட்டணத்தில் தம் முதல் பூசையைப் பாடினார். குருவானவரான பிறகும் அடிமைகளுக்கொப்பான ஆட்களை வைத்திருந்தார். யாரும் அதைக் குறையாக எண்ணவில்லை.

அக்காலத்து ஏற்பாட்டை இங்கே விளக்க வேண்டும். அரசாங்கம் ஒவ்வொரு ஸ்பானியனுக்கும் இத்தனை பூர்வ குடிகள் என்று ஒப்படைக்கும். அவர்கள் அவனுடைய சுரங்கத்திலும் வயலிலும் உழைக்க வேண்டும்; அவன் அவர்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துப் பாதுகாக்க வேண்டும். காகிதத்தில் எழுதியது இவ்வளவே. நடந்ததோ வேறு. ஆண்கள் பல மாதம் தங்கச் சுரங்கத்தில் கிடந்தார்கள், வீட்டில் பயிர் செய்ய ஆளில்லை, தாய்மாருக்குப் பாலில்லை. 1508-ல் அத்தீவில் சுமார் 60,000 பூர்வ குடிகள் எண்ணப்பட்டார்கள். 1514-ல் அவர்களைப் பங்கிட்டபோது இருந்தவர்கள் சுமார் 26,000 பேர். பெரியம்மை அத்தீவுக்கு வந்தது அதற்குப் பின் 1518-ன் இறுதியிலேதான். அந்த ஆறு வருஷங்களில் அவர்களை அழித்தது பெரும்பாலும் வேலையும் பசியுமே.

அர்ச். சாமிநாதர் சபைத் துறவிகள் சிலர் 1510-ல் அத்தீவுக்கு வந்தார்கள். நடப்பதைப் பார்த்தார்கள், கூடி ஆலோசித்தார்கள். 1511-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, ஆகமன காலத்து நான்காம் ஞாயிறன்று, அவர்களில் அந்தோனியோ தெ மொந்தெசீனோஸ் என்பவர் பிரசங்க மேடையில் ஏறினார். எல்லாத் துறவிகளும் கையொப்பமிட்ட பிரசங்கம் அது. கொலம்பஸின் மகனும் தேசாதிபதியுமான தியேகோவும் அங்கே இருந்தார். பூர்வ குடிகளைக் கொடுமைப்படுத்துகிறவர்கள் சாவான பாவத்தில் இருக்கிறார்கள் என்று மொந்தெசீனோஸ் பகிரங்கமாய்ச் சொன்னார். அந்த மக்களும் மனிதர்கள் அல்லவா, அவர்களுக்கும் ஆத்துமம் இல்லையா என்று கேட்டார். ஊர் கொதித்தது. பெரிய மனிதர்கள் மடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்கும்படி வற்புறுத்தினார்கள். அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் மேடையேறி, முன் சொன்னதையே இன்னும் உறுதியாய்ச் சொன்னார். மனந்திரும்பாதவர்களுக்குப் பாவப் பொறுத்தல் கிடையாது என்றும் அறிவித்தார்.

அந்த நாட்களில் ஒரு முறை நம் பர்த்தொலோமே அச்சபைத் துறவி ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். அவர் பூர்வ குடிகளை வைத்திருக்கிறார் என்று கண்டு, அத்துறவி பாவப் பொறுத்தல் தர மறுத்தார். குருவானவருக்கே பொறுத்தல் மறுக்கப்பட்டது! அவர் வாதாடிப் பார்த்தார், துறவி அசையவில்லை. அவர் எழுந்து வந்துவிட்டார். அந்தத் துறவியின் மேல் மரியாதை இருந்தது என்றும், பூர்வ குடிகளை விட்டுவிட வேண்டும் என்ற பேச்சை மட்டும் பொருட்படுத்தவில்லை என்றும் அவரே பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

வாசகரே, இங்கே சற்று நில்லுங்கள். சர்வேசுரன் அவருக்குக் கொடுத்த தருணம் இது. அவர் அன்று புதிதாக ஒரு கொடுமையும் செய்யவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனார், அவ்வளவே. ஆனால் அவருடைய வயலிலும் சுரங்கத்திலும் வேலை அப்படியே நடந்தது.

பின்பு கியூபா தீவைப் பிடிக்கப் போன படையோடு ஞான ஊழியம் செய்யப் போனார். அங்கே காவோனாவோ என்ற ஊரில், எந்தக் காரணமும் இல்லாமல் பூர்வ குடிகள் கூட்டமாய் வெட்டப்பட்டதைத் தம் கண்ணால் கண்டார். தடுக்க முயன்றார், முடியவில்லை. ஆனாலும் அதே கியூபாவில் நிலமும் பூர்வ குடிகளும் பரிசாய்க் கொடுக்கப்பட்டபோது, தம் நண்பர் பேத்ரோ தெ லா ரெந்தேரியாவோடு சேர்ந்து பெற்றுக்கொண்டார். தம் ஆட்களை அடிக்கவில்லை, வைதுகொள்ளவும் இல்லை. ஆனால் சுரங்கத்துக்கு அனுப்பினார். அவர்களுக்கு ஞானோபதேசம் சொல்ல வேண்டிய கடமையை மற்றவர்களைப் போலவே தாமும் மறந்திருந்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

1514-ம் ஆண்டு வந்தது. இஸ்பிரீத்துசாந்துவின் திருநாளுக்குப் பிரசங்கம் தயாரிக்க வேத புஸ்தகத்தைத் திறந்தார். சீராக் ஆகமத்தின் 34-ம் அதிகாரம் கண்ணில் பட்டது. ஏழைகளிடம் பறித்ததைக் கொண்டு ஒப்புக்கொடுக்கும் காணிக்கையைச் சர்வேசுரன் ஏற்பதில்லை என்றும், வேலைக்காரனின் கூலியை மறுக்கிறவன் இரத்தம் சிந்துகிறவனுக்குச் சமானம் என்றும் போதிக்கிற பகுதி அது. பல நாள் அதையே யோசித்தார். மூன்று வருஷங்களுக்கு முன் எழுந்த பிரசங்கத்தின் குரலும், தமக்குப் பொறுத்தல் தர மறுத்த துறவியின் சொல்லும் அவர் நினைவுக்கு வந்தன. நண்பர் ரெந்தேரியா அப்போது ஜமைக்கா தீவில் இருந்தார். அவர் திரும்பி வந்தபோது, பூர்வ குடிகளின் பிள்ளைகளுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் தனியே தோன்றியிருந்தது தெரிந்தது. 1514 ஆகஸ்டு 15-ந் தேதி, தேவமாதாவின் மோட்சாரோபணத் திருநாள் பூசையில், தம்மிடம் இருந்த எல்லாரையும் விட்டுவிட்டதாகப் பர்த்தொலோமே சபை முன் அறிவித்தார்.

இதில் ஒரு கசப்பும் இருந்தது. அவர் விட்டவர்களை அரசாங்கம் வேறொருவனிடம் ஒப்படைக்கும். அவன் அவர்களை வேலையால் கொன்றுவிடுவான். இது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அவர்களை வைத்துக்கொண்டு பிறருக்குப் பிரசங்கம் செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள். இழந்த மூன்று வருஷங்களையும் திரும்பப் பெற முடியாது. இனி இருக்கும் காலத்தைக் கொடுப்பது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

அதை அவர் கொடுத்தார். 1515-ல் அதே மொந்தெசீனோஸுடன் ஸ்பெயினுக்குக் கப்பலேறி, பெர்னாந்து அரசனை நேரில் கண்டு முறையிட்டார். அடுத்த மாதமே அரசன் இறந்துபோனான். ராஜ்யத்தை நடத்திய கர்தினால் சிஸ்னேரோஸிடம் போனார். 1516-ல் அவருக்கு இந்தியரின் காவலர் என்ற பதவி கிடைத்தது. எழுபது வருஷங்களாய் உறங்கினவர் ஒரே நாளில் விழித்தாற்போல் ஓடினார், எழுதினார், வாதாடினார்.

அந்த ஓட்டத்தில்தான் அவருடைய இரண்டாம் தவறு நடந்தது. முதலாவது, செய்யாமல் விட்டது. இரண்டாவது, செய்தது.

பூர்வ குடிகளை விட்டுவிட்டால் சுரங்கத்தில் யார் வேலை செய்வது என்று குடியேறியவர்கள் கேட்டார்கள். அடிமைகளைக் கொண்டுவர ராஜ உத்தரவு கொடுத்தால் பூர்வ குடிகளை விட்டுவிடுகிறோம் என்றார்கள். பர்த்தொலோமே இணங்கினார். 1516-ல் எழுதிய விண்ணப்பத்திலும், 1518-லும், பூர்வ குடிகளுக்குப் பதிலாக அடிமைகளை அனுப்பலாம் என்று ஆலோசனை சொன்னார். ஆப்பிரிக்க அடிமைகள் அவர் பிறந்த செவில் நகரில் சாதாரணமாய்க் காணப்பட்டவர்கள். போர்த்துக்கீசியர் அவர்களை நியாயமான யுத்தத்தில் பிடித்தார்கள் என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள். அவரும் நம்பினார். எப்படிப் பிடித்தார்கள், யாரைப் பிடித்தார்கள் என்று விசாரிக்கவில்லை.

1518 ஆகஸ்டில் அரசன் சார்லஸ், 4,000 ஆப்பிரிக்கரைக் கொண்டுபோகும் உத்தரவைத் தன் அரண்மனைப் பிரபு ஒருவனுக்குப் பரிசாகக் கொடுத்தான். அவன் அதை 25,000 துக்காத்து பொன்னுக்கு விற்றான். முடிவில் அது ஜெனோவா வியாபாரிகள் கைக்குப் போயிற்று. மனிதர்கள் சரக்காகக் கப்பலேறினார்கள். பூர்வ குடிகளுக்கோ விடுதலை கிடைக்கவில்லை. ஆப்பிரிக்கருடைய துன்பம் முன்னிருந்த துன்பத்தோடு சேர்ந்துகொண்டது.

நியாயமாய் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் வாய் திறப்பதற்குச் சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன்பே ஆப்பிரிக்க அடிமைகள் அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த வியாபாரத்தை ஆரம்பித்தவர் அவர் அல்ல. அவர் பேசாதிருந்தாலும் அது நடந்திருக்கும். ஆனால் இந்தச் சமாதானத்தை அவர் தமக்குச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

இன்றைய வெனிசுவேலாவின் கூமானா கரையில், ஆயுதமில்லாத குடியானவர்களைக் கொண்டு சமாதானமான ஒரு குடியேற்றம் அமைக்க முயன்றார். 1522-ல் அது அழிந்தது. மனமுடைந்து, அதே ஆண்டில் அர்ச். சாமிநாதர் சபையில் சேர்ந்தார். தமக்குப் பொறுத்தல் தர மறுத்தவர்களின் சபையிலேயே சீடரானார். 1527-ல் இந்தியத் தீவுகளின் சரித்திரம் என்ற பெரிய நூலை எழுதத் தொடங்கினார்.

பின் நடந்தவற்றைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். 1537-ல் பாப்பானவர் மூன்றாம் சின்னப்பர், பூர்வ குடிகள் மெய்யான மனிதர்கள் என்றும், அவர்களுடைய சுதந்தரத்தையும் சொத்தையும் பறிக்கலாகாது என்றும் பிரகடனம் செய்தார். அதே ஆண்டில் குவாத்தமாலாவில், ஸ்பானியர் யுத்த பூமி என்று அழைத்த நாட்டில், படைவீரரை உள்ளே விடாமல் போதனையால் மட்டும் வேதம் பரப்பும் வேலையைப் பர்த்தொலோமே ஏற்றுக்கொண்டார். அந்நாடு மெய்ச் சமாதானம் என்று பொருள்படும் வேராபாஸ் என்ற பெயரைப் பெற்றது. 1542-ல் அவருடைய விடா முயற்சியும் சேர்ந்து, பூர்வ குடிகளை அடிமையாக்குவதைத் தடுக்கும் புதிய சட்டங்கள் பிறந்தன. 1544-ல் மெக்சிக்கோவின் தென்பகுதியிலுள்ள சியாப்பாவுக்கு மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார்.

தம் மேற்றிராசனத்தில் அவர் செய்தது என்ன தெரியுமா? பூர்வ குடிகளை அடிமையாய் வைத்திருந்து விடுதலை செய்ய மறுத்தவர்களுக்குப் பாவப் பொறுத்தல் தரக் கூடாது என்று குருக்களுக்குக் கட்டளையிட்டார். தமக்குக் கசந்த அந்த மருந்தையே தம் மந்தைக்கும் கொடுத்தார். ஊர் அவருக்கு விரோதமாய் எழும்பிற்று. 1547-ல் ஸ்பெயினுக்குத் திரும்பினார். 1550-லும் 1551-லும் வல்யதோலித் நகரில், பூர்வ குடிகள் மேல் யுத்தம் நியாயமே என்று வாதித்த செபுல்வேதா என்ற அறிஞரை எதிர்த்துப் பேசினார்.

இந்த முதிர்ந்த வயதில்தான் போர்த்துக்கீசிய சரித்திர ஆசிரியர்கள் எழுதியவற்றை ஊன்றிப் படித்தார். ஆப்பிரிக்கக் கரையில் நடந்தது என்ன என்று அப்போது தெளிவாயிற்று. நியாயமான யுத்தம் அல்ல. கடற்கரையில் இறங்கி, அமைதியாய் இருந்த ஊர்களில் பாய்ந்து, ஆண், பெண், குழந்தைகளைப் பிடித்துப்போனதே நடந்தது. அவர் பேனாவை எடுத்தார். தம் சரித்திர நூலில் தம்மைப் படர்க்கையில் வைத்து, அந்தக் குரு சொன்ன ஆலோசனை தவறு என்று எழுதினார். ஆப்பிரிக்கரை அடிமையாக்கியதும் பூர்வ குடிகளை அடிமையாக்கியதைப் போலவே அநீதி என்று எழுதினார். தமது அறியாமையும் நல்லெண்ணமும் சர்வேசுரனுடைய நீதியாசனத்தின் முன் தமக்குச் சாக்காகுமோ என்பது தமக்கு நிச்சயமில்லை என்றும் எழுதினார்.

அந்த நூலை நாற்பது வருஷங்களுக்கு வெளியிட வேண்டாம் என்று 1559-ல் வல்யதோலித் மடத்தாரிடம் ஒப்படைத்தார். 1566 ஜூலை மாதம் மாத்ரித் நகரில், சுமார் 82 வயதில் இறந்தார். இறந்த அந்த ஆண்டிலும் பாப்பானவர் ஐந்தாம் பத்திநாதருக்குப் பூர்வ குடிகளுக்காக விண்ணப்பம் எழுதினார். அவருடைய சரித்திர நூல் 1875-ல்தான் அச்சேறியது.

வாசகரே, இந்த இரண்டு வருத்தங்களில் எது பெரிது? அவர் சரித்திரத்தைப் படித்தால் நமக்குத் தோன்றுவது இதுவே. இரண்டுக்கும் வேர் ஒன்று. 1511-ல் தம் வயலில் உழைத்தவனைப் பார்த்து, இவன் யார், இவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்கவில்லை. 1516-ல் ஆப்பிரிக்கனைப் பார்த்து, இவனை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்கவில்லை. செய்த பாவத்துக்குள்ளேயும் செய்யாமல் விட்ட ஒன்று ஒளிந்திருந்தது. தவறவிட்ட தருணத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று துடித்தவர், ஒரு சாராரின் பாரத்தை இறக்க அவசரப்பட்டு, அதை இன்னொரு சாராரின் தோளில் வைத்துவிட்டார். நல்லெண்ணம் இருந்தது, விசாரணை இல்லை.

ஆகையால் நாமும் இரண்டு காரியங்களைக் கற்றுக்கொள்ளலாம். முதலாவது, தவறிய தருணத்தை எண்ணி ஏங்கி உட்கார வேண்டாம். பெரியப்பா இறந்துபோனார்; பெரியம்மா இருக்கிறார்கள். தம்பியிடம் பத்து வருஷம் பேசவில்லை. தம்பி இன்னும் உயிரோடிருக்கிறான். பர்த்தொலோமே மூன்று வருஷத்தை இழந்தார். பின் ஐம்பத்திரண்டு வருஷங்களைக் கொடுத்தார்.

இரண்டாவது, நன்மை செய்யப் புறப்படும்போதும், இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மகளின் கலியாணத்துக்காக யாருடைய கூலியை நிறுத்தி வைக்கிறோம்? ஒரு மகனைப் படிக்கவைக்க எந்த மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறோம்? நம் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் பிள்ளைகள் அந்நேரம் எங்கே இருக்கிறார்கள்? இவை சிறிய கேள்விகளே. கேட்டால் நமக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்ததால்தான் கேட்காமல் இருக்கிறோம்.

இன்றிரவு ஆத்தும சோதனையில், செய்தவற்றை எண்ணி முடித்த பிறகு உடனே எழுந்துவிடாதீர்கள். இன்னும் சற்று நேரம் முழந்தாளில் இருங்கள். இன்று நான் யாரைப் பார்க்காமல் கடந்து போனேன் என்று கேளுங்கள். ஒரு பெயர் நினைவுக்கு வந்தால், நாளைக் காலையில் அந்த வீட்டுக்குப் போங்கள்.